இரவுக் கணக்கும் வருகைக் கணக்கும்



ஈப்போவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் கடை வைத்திருக்கும் நம்மவர்களில் சிலர், கடையோடு கூட வேறொரு தொழிலையும் நடத்தி வருகிறார்கள். கையில் ஒரு வீடு சும்மா இருக்கிறது. அதை மாத வாடகைக்கு விடாமல், வருகிற பிரயாணிகளுக்கு ஓரிரவு, ஈரிரவு என்று நாள் வாடகைக்கு விடுகிறார்கள். பேச்சு வழக்கில் இதற்கு 'ஹோம்ஸ்டே' என்று பெயர். அரசாங்கத்தின் ஹோம்ஸ்டே திட்டம் வேறு. அது 1995-ம் ஆண்டில் பஹாங் மாநிலம் தெமர்லோவை அடுத்த டேசா மூர்னி கிராமத்தில் ஆரம்பமானது. அதில் விருந்தாளி கிராமத்துக் குடும்பத்தோடு கூடவே தங்குவார். நாம் இங்கே பேசப்போவது, முழு வீட்டையும் நாள் கணக்கில் பிறருக்கு விடுகிற தொழிலைப் பற்றி.

இத்தொழில் செய்வோர் நம் கடைக்குச் சோப்பும் துவாலையும் வாங்க வரும்போது சொல்லுகிற குறை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. "ஆள் வந்துகொண்டுதான் இருக்கிறது, வேலைக்கும் ஓய்வில்லை, ஆனால் மாதக் கடைசியில் கையில் நிற்பது அதிகமில்லை, வீட்டிலுள்ளவர்களுக்கு உடம்புக்கு முடியவில்லை" என்கிறார்கள். இக்குறைக்கு உரிய காரணத்தையும், அதைத் தீர்க்கும் வழியையும் ஒரு பாடம் போல இங்கே எழுதுகிறோம். வர்த்தகர்களாகிய நமக்குக் கணக்கு அன்னியமானதல்ல. எனவே கணக்கைக் கொண்டே விளக்குவோம்.

பொட்டலத்தின் பாடம்

ஒரு மூட்டை சீனியை அப்படியே தூக்கி விற்பதும், அதையே அரைக் கிலோப் பொட்டலங்களாகக் கட்டி விற்பதும் ஒன்றல்ல என்பது நாம் அறிந்ததே. சீனி ஒன்றுதான், எடையும் ஒன்றுதான். ஆனால் பொட்டலத்திற்குப் பை வேண்டும், நிறுக்க வேண்டும், கட்ட வேண்டும், அதற்கு ஓர் ஆள் நிற்க வேண்டும். அந்தச் செலவு எடையைப் பொறுத்ததல்ல; பொட்டலத்தின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆகவேதான் பொட்டல விலை மூட்டை விலையைவிடக் கூடுதலாக இருக்கிறது. மூட்டை விலைக்கே பொட்டலம் கட்டி விற்கும் கடைக்காரர் நெடுநாள் நிலைக்க மாட்டார்.

நாள் வாடகை வீட்டிலும் இதே சட்டம்தான். ஒருவர் மூன்றிரவு தங்குவது மூட்டை. மூன்று பேர் தனித்தனியே ஓரிரவு தங்குவது பொட்டலம். ஒருவர் போனதும் படுக்கை விரிப்பை உருவ வேண்டும், துவைக்க வேண்டும், உலர்த்த வேண்டும், தலையணை உறை மாற்ற வேண்டும், குளியலறையைத் தேய்க்க வேண்டும், அடுப்படியைத் துடைக்க வேண்டும், குப்பையை அகற்ற வேண்டும், சாவி வாங்க வேண்டும், கொடுக்க வேண்டும், கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். அவர் ஓரிரவு தங்கினாலும் இவ்வளவு. நான்கு இரவு தங்கினாலும் ஏறக்குறைய இவ்வளவுதான்.

வாடகையோ இரவுக் கணக்கில் வருகிறது. இணையத்தில் வீடு விட உதவும் கம்பெனிகளும் இரவைத்தான் எண்ணிக் காட்டுகின்றன. அரசாங்கத்தின் சுற்றுலா வரியும், 2017-ம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதியிலிருந்து, பிறநாட்டுப் பிரயாணியிடம் அறை ஒன்றுக்கு இரவொன்றுக்கு 10 வெள்ளி என்று இரவுக் கணக்கிலேயே விதிக்கப்பட்டது. எல்லோரும் இரவையே எண்ணுவதால், நாமும் இரவையே எண்ணிப் பழகிவிடுகிறோம். ஆனால் துடைப்பம் பிடிக்கும் கை இரவை எண்ணுவதில்லை. அது வருகையைத்தான் எண்ணுகிறது. வாடகையை இரவுக் கணக்கில் வாங்கினாலும், வேலையை வருகைக் கணக்கில் எண்ண வேண்டும். இதுவே இப்பாடத்தின் சாரம்.

நம் ஊரின் இயல்பு

இந்தப் பாடம் ஈப்போவுக்கு மிகவும் தேவையானது. கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் இடையில் வழியில் அமைந்த ஊர் இது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை ஒருபுறம். 2010-ம் ஆண்டு முதல் ஓடிக்கொண்டிருக்கும் இ.டி.எஸ். மின்சார ரயில் மறுபுறம். தலைநகரிலிருந்து ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் வந்து இறங்கிவிடலாம். சனிக்கிழமை காலையில் வருகிறார்கள். பழைய நகரத்தில் லோரோங் பங்லிமாவையும் சுவர் ஓவியங்களையும் பார்க்கிறார்கள். நாசி கண்டாரும் ஒயிட் காப்பியும் சாப்பிடுகிறார்கள். ஞாயிறு மதியம் புறப்பட்டுவிடுகிறார்கள். ஆக, ஓரிரவுத் தங்கலே நம் நகரத்தின் இயல்பாக இருக்கிறது. பொட்டல வியாபாரத்தின் நடுவில் நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

தோட்டப்புறத்தில் இது வேறுவிதம். சுங்கை சிப்புட், பத்து காஜா பக்கத்தில் முன்பு பால்மரக் காடுகளாக இருந்த இடங்கள் பலவற்றில், இன்று செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் இருக்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னர் கைமாறியபோதும், லயங்களில் இருந்தவர்கள் ஊரூராய்ப் பிரிந்து போனார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கலியாணம், கோயில் திருவிழா, துக்கம் விசாரித்தல் என்று திரும்ப வரும்போது, கூட்டமாக வருகிறார்கள். இரண்டு மூன்று நாள் தங்குகிறார்கள். சமையல் செய்ய அடுப்படி கேட்கிறார்கள். வேன் நிறுத்த இடம் கேட்கிறார்கள். 1926-ல் வில்லியம் கெல்லி ஸ்மித் இறந்ததால் பாதியில் நின்றுபோன கெல்லி மாளிகையைப் பார்க்க வருபவர்களும் அந்தப் பக்கத்தில் உண்டு. ஆகவே தோட்டப்புறத்தில் வீடு உடையவர், 'நகரத்தில் இல்லையே' என்று கவலைப்பட வேண்டியதில்லை. அவருக்கு வருகை குறைவு. ஆனால் ஒவ்வொரு வருகையும் மூட்டை வியாபாரம்.

ஒரு கணக்கு

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் விளக்கத்திற்காக நாம் வைத்துக்கொண்டவை. அவரவர் தம் வீட்டின் தொகைகளைப் போட்டுக்கொள்ளலாம்.

வாடகை இரவொன்றுக்கு 180 வெள்ளி. மின்சாரம், தண்ணீர் முதலியன இரவொன்றுக்கு 20 வெள்ளி. ஒரு வருகைக்கு ஆகும் செலவு: சுத்தம் செய்யும் கூலி 60, துணி வெளுப்பு 25, சோப்பு முதலிய சில்லறைச் சாமான் 10, ஆக 95 வெள்ளி. ஒரு வருகைக்கு ஒருவரின் உழைப்பு ஐந்து மணி நேரம்.

ஓரிரவு மட்டும் தங்குபவர் 180 தருகிறார். அதில் 95-ம் 20-ம் போக, மிச்சம் 65 வெள்ளி. ஈரிரவு தங்குபவர் 360 தருகிறார். அதில் 95-ம் 40-ம் போக, மிச்சம் 225 வெள்ளி. தங்கல் இருமடங்கு, மிச்சமோ மூன்று மடங்குக்கும் மேல்!

இனி ஒரு மாதத்தைப் பார்ப்போம். ஒரு வீட்டில் ஓரிரவுக்காரர் 12 பேர் வந்தார்கள். வரவு 2,160 வெள்ளி, மிச்சம் 780. இன்னொரு வீட்டில் ஈரிரவுக்காரர் ஐந்து பேர் மட்டுமே வந்தார்கள். வரவு 1,800 வெள்ளி, மிச்சம் 1,125. முதல் வீட்டில் வரவு அதிகம், உழைப்பு 60 மணி நேரம். இரண்டாவது வீட்டில் வரவு குறைவு, உழைப்பு 25 மணி நேரம். வரவு குறைந்த வீட்டில் மிச்சம் 345 வெள்ளி கூடுதலாக நிற்கிறது.

எழுதப்படாத கூலி

இவ்விடத்தில் சகோதரர் ஒருவர் குறுக்கிட்டு, "நாங்கள் ஆள் வைப்பதில்லை, வீட்டிலுள்ளவர்களே சுத்தம் செய்துவிடுகிறார்கள், ஆகவே அந்த 60 வெள்ளி எங்களுக்கு மிச்சம்" என்று கூறக்கூடும். நல்லது, அவருடைய கணக்கையும் போடுவோம். கூலியை எடுத்துவிட்டால், முதல் வீட்டின் மிச்சம் 1,500. இரண்டாவது வீட்டின் மிச்சம் 1,425. இப்போது ஓரிரவு வியாபாரமே 75 வெள்ளி லாபமாகத் தெரிகிறது!

அந்த 75 வெள்ளி எங்கிருந்து வந்தது? ஏழு வருகை அதிகம். வருகைக்கு ஐந்து மணி வீதம் 35 மணி நேர உழைப்பு அதிகம். 35 மணி நேரத்திற்கு 75 வெள்ளி என்றால், மணிக்கு 2 வெள்ளி 14 காசு. 2025-ம் ஆண்டில் இந்நாட்டில் அமலுக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மணிக்கணக்கில் 8 வெள்ளி 17 காசு. நம் கடையில் வேலை செய்யும் பையனுக்கு மணிக்கு 2 வெள்ளி 14 காசு கொடுக்க நமக்கு மனம் வருமா? வந்தாலும் சட்டம் விடுமா? அப்படியிருக்க, நம் மனைவிக்கும் தாய்க்கும் சகோதரிக்கும் மட்டும் அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்?

எழுதப்படாத கூலி இலவசம் அல்ல. அது யாருடைய உடம்பிலிருந்தோ எடுக்கப்படுகிறது. பேரேட்டில் அதற்கு இடம் இல்லாததால், நஷ்டமான வழி லாபமாகத் தோன்றுகிறது. முதுகுவலியும் முழங்கால் வலியும் பின்னால் வந்து கணக்கைத் தீர்க்கின்றன. ஆகவே வீட்டிலுள்ளவர்கள் செய்தாலும், கூலியைச் செலவுப் பக்கத்தில் எழுதுங்கள். எழுதியதை அவர்கள் கையில் கொடுங்கள். பெண்மக்களின் சம்பாத்தியம் அவர்களுடைய சொந்தச் சொத்து என்பது நமது ஷரீஅத்தில் தெளிவான விஷயம். அந்தப் பணத்தை அவர்கள் வீட்டுக்கே செலவழித்தாலும் அது அவர்களுடைய விருப்பம். கூலி எழுதப்பட்டுவிட்டால், எந்த வருகை வேண்டும், எது வேண்டாம் என்பதைச் சிட்டையே சொல்லிவிடும்.

கடைப்பிடிக்க வேண்டிய முறைகள்

முதலாவது: சுத்தக் கட்டணத்தைத் தனியாக வையுங்கள். மேற்சொன்ன வீட்டில் வருகைக்கு 60 வெள்ளி என்று தனியே வாங்கினால், ஓரிரவுக்காரர் 240 கொடுப்பார். ஈரிரவுக்காரர் 420 கொடுப்பார். அவருக்கு இரவொன்றுக்கு 210-தான் விழும். அதிகம் தங்குபவருக்கு மலிவு, குறைவாகத் தங்குபவருக்கு நியாயமான விலை. "அப்படிச் சொன்னால் ஓரிரவுக்காரர் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாரே" என்று பயப்பட வேண்டாம். அவர் கொண்டு போவது 65 வெள்ளி. விட்டுப் போவது ஐந்து மணி நேரம்.

இரண்டாவது: வார இறுதியை உடைக்காதீர்கள். சனி இரவு மட்டும் கேட்பவருக்கு ஒரு மாதம் முன்பே கொடுத்துவிட்டால், பின்னால் வெள்ளி, சனி இரண்டும் கேட்டு வருபவரைத் திருப்பி அனுப்ப நேரிடும். பள்ளி விடுமுறை, பெருநாள், தைப்பூசம், சீனர்களின் கல்லறைத் திருநாள் ஆகிய நாட்களிலும் அப்படியே. குறைந்தது இரண்டிரவு என்று வைத்து, கடைசி மூன்று நாட்களில் காலியாக நிற்கும் ஒற்றை இரவை மட்டும் ஓரிரவுக்குத் திறந்துவிடலாம்.

மூன்றாவது: கையின் அளவுக்கு வருகையை நிறுத்துங்கள். வீட்டில் மாதம் 40 மணி நேரம்தான் இவ்வேலைக்குக் கொடுக்க முடியும் என்றால், எட்டு வருகைக்கு மேல் எடுக்கலாகாது. ஒன்பதாவது வருகை வேண்டுமானால் கூலிக்கு ஆள் வேண்டும். அந்தக் கூலியை அந்த வருகையே தர வேண்டும். ஆள் வைப்பதாயின் முறையான அனுமதி உள்ளவராக வைத்து, வேலை முடிந்த அன்றே கூலியைக் கொடுத்துவிடுங்கள்.

நான்காவது: விரிப்புகளை மும்மடங்காக வைத்திருங்கள். கட்டிலில் ஒன்று, வெளுப்பில் ஒன்று, அலமாரியில் ஒன்று. ஈப்போவில் பிற்பகல் மழை எந்நேரமும் கொட்டும். காய்கிற துணியை நம்பி வருகையை ஒப்புக்கொள்வது பிறர் கடனை நம்பிச் சரக்கு எடுப்பதைப் போன்றது. எல்லாம் ஒரே வெள்ளை நிறமாக இருந்தால் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடலாம். கறையும் கண்ணுக்குத் தெரியும்.

ஐந்தாவது: வெள்ளிக்கிழமையைத் தனியாகக் கவனியுங்கள். நண்பகல் 12 மணிக்கு ஒருவர் போய், 3 மணிக்கு மற்றொருவர் வருவதென்றால், நடுவில் ஜும்ஆ வந்துவிடுகிறது. ஆண்கள் பள்ளிக்குப் போய்விட, முழு வேலையும் பெண்கள் தலையில் விழுகிறது. வெள்ளிக்கிழமை மட்டும் வருகை நேரத்தை நாலரை மணி என்று வைத்தால் இந்த அவசரம் இல்லை. வெள்ளி மாலைதான் வருகைகள் குவியும் நேரமாதலால், இந்த ஒரு மாற்றமே பெரும் உபகாரமாக இருக்கும்.

ஆறாவது: கேள்விகளுக்கு முன்னரே பதில் எழுதிவிடுங்கள். சாவிக்கு எண் பூட்டுள்ள சிறு பெட்டியை வாசலில் பொருத்தலாம். வழி, வாகனம் நிறுத்தும் இடம், இணையத்தின் கடவுச்சொல், சுடுநீர் போடும் முறை, குப்பை போடும் இடம், கிப்லாவின் திசை இவற்றையெல்லாம் ஒரு தாளில் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டுச் சுவரில் ஒட்டலாம். அதையே தொலைபேசியிலும் அனுப்பலாம். இரவு 11 மணிக்கு மேல் அவசரத்திற்கு மட்டுமே அழைக்க வேண்டும் என்றும் அதில் எழுதுங்கள்.

ஏழாவது: மூடும் நாட்களை முதலில் குறியுங்கள். வருஷத் தொடக்கத்தில் நாட்காட்டியை எடுத்து, ரமலானின் கடைசிப் பத்து, நம் வீட்டுப் பெருநாள், பிள்ளைகளின் பரீட்சை, ஊர்ப் பயணம் ஆகிய நாட்களை அடைத்துவிட்டுப் பிறகு மிச்ச நாட்களை விற்பனைக்குத் திறவுங்கள். மிச்சமிருந்தால் ஓய்வு என்று வைத்தால் ஓய்வு ஒருநாளும் மிச்சமாகாது.

ஒப்பந்தம் தெளிவாக இருத்தல்

மத்ரஸாவில் பிக்ஹு ஓதியவர்களுக்கு 'இஜாரா' என்னும் வாடகைப் பாடம் நினைவிருக்கும். பெறப்போகும் பயன் எது, காலம் எவ்வளவு, வாடகை எவ்வளவு என்பன இரு தரப்பாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத அம்சம் தகராறுக்கு வாசல் என்பது அதன் கருத்து. வரும் நேரம், போகும் நேரம், எத்தனை பேர், புகைபிடித்தல், டுரியான், இரவுச் சத்தம், வீட்டில் கொண்டுவரக் கூடாத உணவும் மதுவும், சேதத்திற்கு முன்பணம் எல்லாவற்றையும் பணம் வாங்கும் முன்பே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். ஆறு பேர் என்று சொல்லிப் பதினான்கு பேர் வந்தால் என்ன செய்வது என்பதை வாசலில் நின்று முடிவு செய்ய முடியாது. வந்த பின் சொல்லும் நிபந்தனை, கட்டிய பொட்டலத்தைப் பிரித்து விலை பேசுவது போன்றது.

அரசாங்க விதிகளையும் விட்டுவிடலாகாது. வீடு ஈப்போ மாநகர் மன்றத்தின் எல்லையிலோ, பத்து காஜா மாவட்ட மன்றத்தின் எல்லையிலோ, வேறெந்த மன்றத்தின் எல்லையில் இருந்தாலும் அங்கே சென்று அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். அடுக்குமாடி வீடாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. குறுகிய நாள் வாடகையைக் கட்டட நிர்வாகக் குழு தன் விதிகளால் தடுக்கலாம் என்று 2020-ல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வாங்கிய பிறகு அறிவதைவிட வாங்கும் முன் அறிவது நலம். வருமானத்தை வரிக் கணக்கில் காட்டி, சிட்டைகளையும் ரசீதுகளையும் ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

விருந்தும் வாடகையும்

இன்னொரு விஷயம். ராஜுலா கப்பலில் பினாங்கில் வந்து இறங்கிய நம் முன்னோர்கள், முன்பின் தெரியாத ஊரில் நம்மவர் கடை மாடிகளிலே பாய் விரித்துத் தூங்கினார்கள். அங்கே இரவுக்கு இவ்வளவு என்று எவரும் எழுதவில்லை. அது விருந்து, வியாபாரம் அல்ல. அந்த நற்பழக்கம் நம்மிடம் நிலைத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு நோயாளியோடு வந்தவர், வழியில் வாகனம் பழுதாகி நிற்கும் குடும்பம் போன்றோருக்கு ஓரிரவு இடம் கொடுக்க மனமிருந்தால், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அதை வாடகைப் பக்கத்தில் எழுதாமல், தருமப் பக்கத்தில் எழுதுங்கள். வேலை செய்தவரின் கூலியையும் உங்கள் பையிலிருந்தே கொடுங்கள். விருந்தோம்பலுக்கு மூன்று நாள் என்று நபிமொழி எல்லை காட்டியிருப்பதும், விருந்தாளி வீட்டாரைச் சிரமத்தில் ஆழ்த்தலாகாது என்று அதிலே சொல்லப்பட்டிருப்பதும், உபசரிப்பவரின் சக்திக்கும் ஓர் அளவு உண்டு என்பதற்காகவே. இலவசமாகக் கொடுக்கும் விருந்துக்கே அளவு இருக்குமானால், பணத்திற்கு விடும் வீட்டுக்கு அளவு வேண்டாமா?

பாடத்தின் முடிவில் ஒரு பயிற்சி

இவ்வீடு நடத்தும் சகோதரர்கள் இம்மாதக் கடைசியில் சிட்டையை எடுத்து, நான்கு கேள்விகளுக்கு விடை எழுதிப் பார்க்க வேண்டுகிறோம்.

1. இம்மாதம் எத்தனை இரவுகள்? எத்தனை வருகைகள்?
2. ஒரு வருகைக்கு எத்தனை மணி நேரம்? அந்த வேலையைச் செய்தவர் யார்?
3. அவருக்குக் கொடுத்த கூலி எவ்வளவு?
4. அந்தக் கூலி போக, ஒவ்வொரு வருகையும் விட்டுச் சென்ற மிச்சம் எவ்வளவு?

நான்காவது விடை சிறியதாக இருந்தால் விலையையோ முறையையோ மாற்றுங்கள். மூன்றாவது விடை பூஜ்யமாக இருந்தால், அதை மாற்றிய பிறகே நான்காவதைப் பாருங்கள். விடைகளைத் தனியே உட்கார்ந்து எழுதாமல், துடைப்பம் பிடித்தவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் கணக்கு சரியாக வரும். நம் வீடு நமக்கும் வருபவருக்கும் இளைப்பாறும் இடமாக இருக்க வேண்டும். வந்தவர் நன்றாகத் தூங்கிச் சென்ற வீட்டில், வீட்டாரும் நன்றாகத் தூங்கினால்தான் அத்தொழிலில் பரக்கத் இருக்கிறது என்று சொல்லலாம்.